பிள்ளைகளோடு முதல் கேம்பிங்: ஆத்தோரம் இடம் பிடிக்கலாமா?

செராஸ்_அம்மா

வணக்கம். இங்கே காடு மலை என்று அடிக்கடி போகிறவர்கள் இருக்கிறீர்கள், அதனால் நேராகக் கேட்டுவிடுகிறேன். வருகிற பள்ளி விடுமுறையில் ஒரு ராத்திரியாவது கூடாரம் போட்டுத் தங்கியே ஆக வேண்டும் என்று வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நிற்கிறார். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 4. மாமியாருக்கு 67, முட்டிவலி வேறு. ஆனால் "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்" என்று சொல்கிற ஆள் இல்லை அவர். இப்போதே பையை எடுத்துத் தூசி தட்டி வைத்திருக்கிறார்.

எங்களிடம் இருப்பது ஒரு மைவி கார், மச்சான் கொடுத்த பழைய கூடாரம் ஒன்று (நாலு பேருக்கு என்று பையில் போட்டிருக்கிறது), ஒரு கேஸ் அடுப்பு. அவ்வளவுதான். கோலாலம்பூர்ப் பக்கம் செராஸிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்ட முடியாது, சின்னவள் வளைவு ரோட்டில் வாந்தி எடுப்பாள்.

வீட்டுக்காரர் தினமும் போனில் படம் காட்டுகிறார். எல்லாப் படத்திலும் கூடாரம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறது, மேலே மஞ்சள் விளக்குச் சரம், பக்கத்தில் காபி. பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. கூடவே 2022 டிசம்பர் பத்தாங் காலி மண்சரிவும் ஞாபகம் வருகிறது. ஜண்டா பாய்க், ஹுலு லங்காட், கோல குபு பாரு என்று மூன்று பக்கமும் பெயர் அடிபடுகிறது. ஓர் இடம் நல்ல இடம் என்று நீங்கள் எதைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள்? இடத்தின் பெயரைவிட அதுதான் எனக்கு வேண்டும்.

கோம்பாக்_அங்கிள்

தங்கச்சி, முதலில் அந்த போனை வாங்கி வையுங்கள். அந்தப் படம் வெயில் நாளில் காலை பத்து மணிக்கு எடுத்தது. நீங்கள் அங்கே படுத்திருக்கப் போவது ராத்திரி ரெண்டு மணிக்கு, மழையில்.

நான் தோட்டத்தில் வளர்ந்தவன், அப்புறம் இருபது வருடம் பள்ளிச் சாரணர் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவன். ஓர் இடத்துக்குப் போனால் நான் முதலில் ஆற்றைப் பார்ப்பதில்லை. அண்ணாந்து மேட்டைப் பார்ப்பேன். கூடாரம் போடும் இடத்துக்கு மேலே என்ன இருக்கிறது? காடா, வெட்டிய மண்ணா, ரோடா? பத்தாங் காலியில் 2022 டிசம்பர் 16 விடியற்காலை மண் சரிந்ததே, 31 பேர் போனார்கள், அதில் சின்னப் பிள்ளைகளும் உண்டு. அவர்களும் நம்மைப் போலப் பள்ளி விடுமுறைக்கு வந்த குடும்பங்கள்தான். தூக்கத்தில் இருந்தவர்களுக்கு எழுந்து ஓடக்கூட நேரமில்லை. அந்த இடத்துக்கு முகாம் நடத்த உரிமம் இல்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. அதற்கு அப்புறம் நான் போன் பண்ணிக் கேட்கிற முதல் கேள்வியே "உங்களுக்கு உரிமம் எந்த நகராண்மைக் கழகத்திலிருந்து?" என்பதுதான். ஒழுங்காக நடத்துகிறவர் கோபப்பட மாட்டார், பெயரைச் சொல்லிவிடுவார். "அதெல்லாம் பிரச்சினை இல்லை பாஸ்" என்று மழுப்பினால் நான் போனை வைத்துவிடுவேன்.

மேட்டில் பார்க்க வேண்டியவை: மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்பது, மண்ணில் வெடிப்பு, புல் முளைக்காத புதுச் செம்மண், மழை விட்டு ரெண்டு நாளாகியும் சரிவிலிருந்து கலங்கலாகத் தண்ணீர் கசிவது. இதில் ஒன்று இருந்தாலும் அதன் அடிவாரத்தில் படுக்காதீர்கள். படிப்படியாக மலையை வெட்டிக் கூடாரத்துக்குத் தட்டு போட்ட இடங்கள் படத்தில் அழகாகத்தான் இருக்கும். எனக்கு அதில் தூக்கம் வராது.

அப்புறம்தான் ஆறு. ஆற்றோர மரங்களில் கிளையைக் கவனியுங்கள். காய்ந்த குச்சி, சருகு, பிளாஸ்டிக் பை எல்லாம் சடை மாதிரி சுற்றிக்கொண்டு தொங்கும். யாரும் அதை அங்கே கொண்டுபோய் மாட்டவில்லை, தண்ணீர் வந்து மாட்டிவிட்டுப் போனது. அது உங்கள் நெஞ்சு உயரத்தில் இருந்தால், அந்த ஆறு ஒருநாள் உங்கள் நெஞ்சு உயரத்துக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். நான் அந்தக் குப்பை தொங்குகிற உயரத்துக்கும் மேலே ஏறித்தான் கூடாரம் அடிப்பேன்.

மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்பார்கள், தண்ணீரின் தலை. மேலே மலையில் மழை கொட்டும், கீழே உங்களுக்கு நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும், தண்ணீர் திடீரென்று சுவர் மாதிரி இறங்கும். கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறினாலோ, இலையும் குச்சியும் அதிகமாக மிதந்து வந்தாலோ, மேல்பக்கம் லாரி வருகிற மாதிரி இரைச்சல் கேட்டாலோ பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேற வேண்டியதுதான். செருப்பு, பிளாஸ்க், போன் எதுவும் எடுக்கத் திரும்பக் கூடாது. ஆற்று நடுவே மணல் திட்டு தெரிந்தால் அதில் உட்கார்ந்து சாப்பிடுகிற வேலையும் வேண்டாம்.

கோல குபு பாரு என்று சொன்னீர்களே, அதில் அந்த 'பாரு' எப்படி வந்தது தெரியுமா? பழைய ஊரின் அணை 1883இல் உடைந்தது, அதற்குப் பிறகும் வெள்ளமும் வண்டலும் விடவில்லை, கடைசியில் ஊரையே மேட்டுக்கு மாற்றிப் புது ஊர் என்று பெயர் வைத்தார்கள். ஒரு ஊரே இடம் மாறியிருக்கிறது, நம் கூடாரம் இருபது அடி தள்ளிப் போனால் என்ன.

இன்னொன்று. கூடாரத்துக்கு மேலே நிற்கிற மரம் என்ன மரம் என்று பாருங்கள். டுரியான் மரமும் தென்னையும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரப்பர் மரத்தின் கிளை காற்றுக்கு மளக்கென்று ஒடியும், தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். பட்டுப்போன கிளை எந்த மரத்தில் இருந்தாலும் அதன் கீழே படுக்கக் கூடாது.

அரைத்தூக்கம்

ஏசி ரூம் உள்ள ஹோம்ஸ்டே எடுங்கள், வாசலில் கூடாரத்தை விரித்துப் படம் எடுங்கள், உள்ளே போய்த் தூங்குங்கள். மாமியார் வாழ்த்துவார். நன்றி வணக்கம்.

கிள்ளான்_ரெட்டைப்பிள்ளைக்காரி

மேலே உள்ளவர் விளையாட்டுக்குச் சொன்னாலும் பாதி உண்மை. அங்கிள் சொன்ன மேடும் ஆறும் சரிதான் அக்கா, அதில் நான் வாய் வைக்கவில்லை. ஆனால் சின்னப் பிள்ளையும் பெரியவர்களும் இருக்கிற வீட்டுக்குப் பயணம் கெடுவது பெரும்பாலும் கழிப்பறையில்தான்.

எங்களுடைய முதல் கேம்பிங்கைச் சொல்கிறேன், இடத்தின் பெயர் வேண்டாம். ஹுலு சிலாங்கூர் பக்கம், ஆறு அருமை. கழிப்பறை கூடாரத்திலிருந்து ஒரு வாழைத்தோப்பைத் தாண்டி இருந்தது. பகலில் அது தூரமாகவே தெரியவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு ஒரு மகள் எழுப்பினாள், நான் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாதி வழி வருவதற்குள் இன்னொருத்தி அம்மாவைக் காணோம் என்று கத்த ஆரம்பித்து, பக்கத்துக் கூடாரமெல்லாம் விளக்குப் போட்டுவிட்டார்கள். அங்கே போனால் வாளி இருக்கிறது, தண்ணீர் இல்லை, தொட்டியை நிரப்புகிற பம்பை பத்து மணிக்கே நிறுத்திவிடுவார்களாம். அன்றிலிருந்து என் கேள்வி ஒன்றுதான்: "ராத்திரி குழாயில் தண்ணீர் வருமா?" உட்காரும் கழிப்பறை இருக்கிறதா என்றும் கேளுங்கள், முட்டிவலிக்காரர் குந்தி எழுந்திருக்க முடியாது.

காடியைக் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்த முடியுமா என்பது அடுத்தது. இடி மின்னல் வந்தால் உங்களுக்கு இருக்கிற ஒரே நல்ல கூரை அந்த மைவிதான், எல்லாரும் உள்ளே ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்துவிடலாம். தொங்கு பாலம் தாண்டி சாமான் தூக்குகிற இடம் இப்போதைக்கு வேண்டாம்.

கூடாரம் நாலு பேருக்கு என்று போட்டிருந்தால் அது நாலு பேர் மத்தி மீன் மாதிரி அடுக்கிப் படுக்கிற கணக்கு. பை வைக்க இடம் இருக்காது, காற்றும் வராது. நீங்கள் ஐந்து பேர், இன்னொரு சின்னக் கூடாரம் யாரிடமாவது கடன் வாங்குங்கள், மாமியாரும் பேரனும் அதில். போகுமுன் வீட்டு முன் போர்ச்சில் விரித்து ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றிப் பாருங்கள். பழைய கூடாரத்தில் தையல் ஓரத்தில் ஒட்டியிருக்கும் நாடா உரிந்துபோயிருக்கும், அங்கேதான் ஒழுகும். எங்களுக்கு ஒழுகியது, சரியாக என் மாமியார் தலையில்.

வாரக்கடைசியில் கரோக்கே பார்ட்டி உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். பதினொரு மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று விதி வைத்து அதை நடத்தவும் செய்கிற இடங்கள் உண்டு. விதியைப் பலகையில் மட்டும் எழுதி வைத்திருக்கிற இடங்களும் உண்டு. வியாழன் வெள்ளி போக முடிந்தால் போங்கள், பாதிக் கூட்டம் இருக்காது.

கேஸ் அடுப்பை மழை பெய்கிறது என்று கூடாரத்துக்குள் கொண்டுபோய் எரிக்காதீர்கள், கரி அடுப்பும் அப்படித்தான். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். சமைக்கத் தனியாக ஒரு தார்ப்பாய் கட்டுங்கள்.

ஆத்துப்பித்தன்

அங்கிள், மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். நீங்கள் சொல்வதை எல்லாம் பார்த்தால் திடலில்தான் கூடாரம் போட வேண்டும். பிள்ளைகள் போவதே ஆற்றுக்காகத்தானே? நான் பத்து வருடமாக ஜண்டா பாய்க்கில் தண்ணீர் ஓரமாகவே போடுகிறேன், ராத்திரி அந்தச் சத்தத்தில் தூங்குகிற தூக்கம் வேறெங்கும் கிடையாது. கோலாலம்பூரில் வேர்த்து ஊற்றும்போது அங்கே போர்வை தேவைப்படும், சின்னப் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குவார்கள். கூடாரத்துக்குள் புழுங்கினால் பிள்ளை விடிய விடிய அழும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். காராக் நெடுஞ்சாலையில் போனால் ஒரு மணி நேரம். ஆனால் உள்ளே ஏறும் கம்போங் ரோடு வளைவும் குறுகலுமாக இருக்கும், வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு முன்னாடியே எலுமிச்சம்பழம் கொடுத்துவிடுங்கள்.

மழை வந்தால் எழுந்து போய்விடலாம், அவ்வளவு பயம் தேவையில்லை என்பது என் எண்ணம்.

கோம்பாக்_அங்கிள்

தம்பி, ஆறு வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? பகலில் ஆற்றில் கிடக்கட்டும், ராத்திரி மேட்டில் படுக்கட்டும். நடுவில் ஐம்பது அடி, அவ்வளவுதான் வித்தியாசம். சத்தம் அங்கேயும் கேட்கும்.

"எழுந்து போய்விடலாம்" என்றீர்கள். நீங்கள் தனியாள், போய்விடுவீர்கள். கும்மிருட்டில், மழைச் சத்தத்தில் ஆற்றின் சத்தம் மாறியதே காதில் விழாது, அதில் நாலு வயசுப் பிள்ளையையும் முட்டிவலிக்காரரையும் எழுப்பி, ஜிப்பைத் தேடித் திறந்து, வழுக்குகிற கரையில் ஏற்ற வேண்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஹுலு லங்காட் என்ன ஆனது என்று பார்த்தோமே. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களே கூரை மேல் ஏறி நின்றார்கள்.

தங்கச்சி, மாதத்தையும் பாருங்கள். நம் மேற்குக்கரைப் பக்கம் ஏப்ரல் மே, அக்டோபர் நவம்பர், ரெண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட இந்தக் காலத்தில்தான் சாயங்கால இடிமழை போட்டுத் தாக்கும். வருடக் கடைசி விடுமுறையில் யாராவது கிழக்குக்கரைக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள், அங்கே வடகிழக்குப் பருவமழை. வானிலைத் துறையின் மைசுவாச்சா செயலியை இறக்கி வையுங்கள். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர் இணையப் பக்கத்தில் எந்த இடத்தில் எவ்வளவு மழை, ஆறு எவ்வளவு உயரம் என்று போடுவார்கள். கிளம்புகிற ஊரின் மழையைப் பார்க்காதீர்கள், அந்த ஆறு பிறக்கிற மலைப்பக்கத்து மழையைப் பாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து பெய்திருந்தால் முன்பணம் போனாலும் பரவாயில்லை, வீட்டிலேயே இருங்கள்.

தஞ்சோங்_வடக்கன்

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். செராஸிலிருந்து இவ்வளவு தூரம் வர மாட்டீர்கள், ஆனால் இந்தப் பக்கம் இருக்கிற யாராவது படித்தால் உதவும். இங்கே எங்களுக்குக் கேம்பிங் என்றால் தெலுக் பஹாங்கில் உள்ள தேசியப் பூங்காதான், பந்தாய் கெராச்சுட் கடற்கரை. காட்டு வழியே நடந்தால் பிள்ளைகளோடு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது, படிகள் அதிகம், பெரியவர்களுக்குச் சரிவராது. படகுத்துறையிலிருந்து படகு எடுக்கலாம், அலை அதிகமாக இருந்தால் படகும் கிடையாது என்பதை மனத்தில் வையுங்கள். நுழைவாயிலில் பெயர் பதிய வேண்டும், தங்குவதற்கு வனவிலங்குத் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். ஆமை முட்டையிட வருகிற கரை அது, ராத்திரி டார்ச்சை வீசிக்கொண்டு கரையில் ஓடக் கூடாது என்று பிள்ளைகளுக்கு முன்னாடியே சொல்லிக் கூட்டிப் போங்கள். கரைக்குப் பின்னால் ஓர் ஏரி, மேலே நன்னீரும் கீழே கடல்நீரும் கலக்காமல் இரண்டு அடுக்காக நிற்கும், மழை இல்லாத மாதங்களில் வற்றிக் குட்டை மாதிரி ஆகிவிடும். என் மகன் அதைப் பார்க்கத்தான் வந்தான், பார்த்தது சேறு.

நான் எழுத வந்தது குரங்கைப் பற்றி. எந்த இடத்துக்குப் போனாலும் குப்பைத்தொட்டியைப் பாருங்கள். மூடி இல்லாமல், நிரம்பி வழிந்தால் அங்கே குரங்கு கூட்டமாக இருக்கும், ராத்திரி எலியும் வரும். எலி மூத்திரத்தால் வருகிற லெப்டோஸ்பைரோசிஸ் தெரியும்தானே, காலில் வெட்டுக்காயம் இருந்தால் பிள்ளையை ஆற்றிலோ சேற்றிலோ இறக்கக் கூடாது. குரங்குக்கு ஜிப் திறக்கத் தெரியும். நாங்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறோம், பெரிய கடுவன் ஒன்று கூடார வாசலில் உட்கார்ந்து, ஜிப்பின் ரெண்டு தலைப்பையும் ரெண்டு கையால் பிடித்து, தையல்காரர் மாதிரி நிதானமாக இழுத்துத் திறந்தது. ரொட்டிப் பொட்டலத்தை எடுத்தது, மைலோ டப்பாவை ஆட்டிப் பார்த்துவிட்டு அதையும் எடுத்தது. இப்போதெல்லாம் சாப்பாடு அத்தனையும் காடிக்குள்தான், காடி இல்லாத இடத்தில் மூடி பூட்டுகிற பெட்டியில்.

அட்டைக்குத் தோட்டத்து வைத்தியம் எல்லாருக்கும் தெரியும், உப்பு, புகையிலை. பிய்த்து இழுக்காதீர்கள், அவ்வளவுதான்.

செராஸ்_அம்மா

எல்லாருக்கும் நன்றி. அரைத்தூக்கம் அண்ணா, உங்கள் பதிலைத்தான் மாமியாருக்கு முதலில் படித்துக் காட்டினேன், அவருக்குக் கோபம்.

நாலு இடத்துக்கு போன் போட்டேன். ஒருவர் உரிமம் என்றதும் "எல்லாரும் வந்துட்டுத்தான் போறாங்க" என்றார். ஒருவர் எடுக்கவே இல்லை. மீதி ரெண்டு இடத்தையும் சனிக்கிழமை மதியம் நேரில் போய்ப் பார்த்தோம், கூடாரம் இல்லாமல், நாசி லெமாக் கட்டிக்கொண்டு.

முதல் இடம் வீட்டுக்காரர் படத்தில் காட்டிய அதே இடம். படம் பொய் சொல்லவில்லை, அழகுதான். ஆற்றோரம் ஒரு மரத்தைப் பார்த்து மகன்தான் கூப்பிட்டான், "அம்மா, அங்கிள் சொன்ன சடை!" நீலப் பிளாஸ்டிக் பை ஒன்று, குழந்தைச் செருப்பு ஒன்று, எல்லாம் காய்ந்த புல்லோடு பின்னிக்கொண்டு கிளையில் தொங்கியது. வீட்டுக்காரர் பக்கத்தில் போய் நின்றார். அவர் தோளுக்கு மேலே இருந்தது. அவர் ஐந்தடி ஒன்பது. கூடாரம் போடுகிற சிமெண்டுத் தட்டு அந்த மரத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கிறது! ஒன்றும் பேசாமல் காடிக்குத் திரும்பி வந்துவிட்டார். அந்தச் செருப்பு எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ரெண்டாவது இடம் படத்தில் சுமார்தான், ஒரு பழத்தோட்டம், தட்டையான புல்வெளி, பின்னால் மலை இல்லை. ஆறு இல்லை, ஓர் ஓடை, பெரியவளுக்கு முட்டி வரை தண்ணீர். (பெரியவள் என்று எழுதிவிட்டேன், மகனைச் சொல்கிறேன், அவசரத்தில் எழுதுகிறேன்.) ஓடையிலிருந்து ஏறி வந்தால் கூடாரம் போடுகிற இடம் ஒரு மாடி உயரமாவது இருக்கும். உரிமத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டியிருக்கிறார்கள், வீட்டுக்காரர் நின்று படித்தார். டுரியான் மரங்களுக்குக் கீழே கயிறு கட்டி யாரும் போகாதபடி வைத்திருக்கிறார்கள். நடத்துகிற அம்மாவிடம் கெப்பாலா ஆயர் பற்றிக் கேட்டேன், மழை வந்தால் ஓடைப்பக்கம் யாரையும் விடமாட்டேன், விசில் அடிப்பேன் என்று கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்துக் காட்டினார்.

கழிப்பறைக்கு மாமியாரைத்தான் அனுப்பினோம். போனார், ரொம்ப நேரம் வரவில்லை, நான் பயந்துபோய்ப் பின்னாலேயே போனால் ஒவ்வொரு கதவாகத் திறந்து குழாயைத் திருகிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாலில் மூன்றில் தண்ணீர் நன்றாக வருகிறது, ஒன்றில் உட்காரும் வசதி இருக்கிறது, அதற்குப் பக்கத்திலேயே கூடாரம் போட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைக்கு முன்பணம் கட்டிவிட்டோம்.

ஒரே சந்தேகம். இடம் கழிப்பறைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கலாம்? வாசனையும் வெளிச்சமும் தொந்தரவாக இருக்குமோ?

கிள்ளான்_ரெட்டைப்பிள்ளைக்காரி

நல்ல மாமியார். ஒட்டிப் போடாதீர்கள் அக்கா, ராத்திரி முழுக்கக் கதவு டமால் டமால் என்று அடிக்கும், விளக்குக்குப் பூச்சி மொய்க்கும். கூடார வாசலில் நின்றால் கழிப்பறைக் கதவு தெரிய வேண்டும், ஆனால் உள்ளே ஃபிளஷ் பண்ணுகிற சத்தம் கேட்கக் கூடாது. முப்பது நாற்பது அடி சரியாக இருக்கும். அந்தப் பக்கத்து நிலம் சரிவாக இருந்தால் மேல்பக்கம் பிடியுங்கள், கழுவி விடுகிற தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோம்பாக்_அங்கிள்

உங்கள் பையனைச் சாரணர் படையில் சேர்த்துவிடுங்கள் தங்கச்சி.

மதியம் ஒரு மணிக்குள் போய்க் கூடாரத்தை அடித்துவிடுங்கள், நாலு மணிக்கு மழை பிடிக்கும். கூடாரத்தின் அடியில் விரிக்கிற பாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, நீட்டினால் மழைத்தண்ணீர் அதில் விழுந்து உங்கள் முதுகுக்கு அடியில் வந்து நிற்கும், உள்பக்கமாக மடித்துவிடுங்கள். காடியை வாசலைப் பார்த்துத் திருப்பி நிறுத்துங்கள், சாவி எங்கே இருக்கிறது என்று ரெண்டு பேருக்கும் தெரிய வேண்டும். அந்த இடத்தில் போன் சிக்னல் வருமா பார்த்தீர்களா? வராவிட்டால் அந்த விசில் அம்மாவிடம் தரைவழித் தொலைபேசியோ வாக்கிடாக்கியோ இருக்கிறதா என்று கேளுங்கள். 999 அடிக்க வேண்டி வந்தால் எங்கிருந்து அடிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

செராஸ்_அம்மா

அலுவலகத்துக்குப் பக்கத்தில் ரெண்டு கோடு வருகிறது அங்கிள், கூடாரம் போடுகிற இடத்தில் ஒரு கோடு. சாவியை ஜிப்புக்குப் பக்கத்தில் உள்ள வலைப்பையில் போடுவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.

நேற்று ராத்திரி போர்ச்சில் கூடாரத்தை விரித்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஒரு மூலையில் ஒழுகியது, மகன் உள்ளே படுத்திருந்தான், அவனுக்கு ஒரே குஷி. ஒட்டுகிற நாடா வாங்க வீட்டுக்காரர் இப்போதுதான் கடைக்குக் கிளம்புகிறார். மாமியார் தன்னுடைய பிளாஸ்டிக் நாற்காலியையும் ஏற்றச் சொல்கிறார், மைவியில் அதற்கு எங்கே இடம் பண்ணுவது என்றுதான் இப்போது வீட்டில் பேச்சு.